கிழக்குச் சுவரில் வெள்ளை விரிப்பு

ஃபின்லே மக்காஸ்கிலின் படகில் ஏறி இறங்கிய யாரும் இதுவரை அவரைக் குறை சொன்னதில்லை. ஹாரிஸ் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது எங்கள் ஹோகிநிஷ். எதிரே ஸ்காரவே என்கிற குட்டித் தீவு. நடுவில் அரை மைல் கடல். நேரே போனால் பத்து நிமிஷம். ஃபின்லே அதை இரண்டு மணி நேரமாக இழுப்பார். இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் மெனக்கெட்டு வருகிறவர்களைப் பத்து நிமிஷத்தில் கரையேற்றி அனுப்புவது அநியாயம் என்பது அவர் கட்சி.

முதலில் கடல்நாய்கள் படுத்திருக்கும் பாறை. அடுத்து தெற்கு முனையில் அலை குடைந்து வைத்த கல் வளைவு. அதன் அடியில் எஞ்சினை அணைத்துவிட்டால், மேலே ஆயிரம் பறவைகள் ஒரே நேரத்தில் சொத்துத் தகராறு செய்வது கேட்கும். அதைச் சுற்றிப் போனால் மேற்கே வெள்ளை மணல் கரை. சிப்பி பொடிந்து மணலான கரை அது. தண்ணீர் கண்ணாடிப் பச்சை. ஜூன் மாதமானால் மணலுக்கு மேலே புல் தெரியாத அளவுக்கு மஞ்சளும் ஊதாவுமாகப் பூ.

"ஐயோ, வெப்பமான நாட்டுக் கடல் மாதிரியே இருக்கே!" என்று ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவாள்.

"பாக்கத்தாம்மா அப்படி. கால வச்சுப் பாருங்க," என்பார் ஃபின்லே. அடுத்த நொடி அந்த அம்மாளின் அலறல் பாறையில் பட்டுத் திரும்பி வரும். வருஷா வருஷம் இது நடக்கும். அவருக்கு அலுத்ததே இல்லை.

கடைசியாகத் தீவின் கிழக்குப் பக்கம், எங்கள் ஊரைப் பார்த்தபடி நிற்கும் கூரையில்லாத வீடு. வந்தவர்கள் கையில் வைத்திருக்கும் சுற்றுலாத் தாளில் அதன் படம்தான் முதலில் இருக்கும். சின்னக் கல்துறையில் எல்லாரையும் இறக்கிவிட்டு, ஃபின்லே மட்டும் படகிலேயே உட்கார்ந்துகொள்வார். முழங்கால் வலி என்பார். அந்த வலி வேறு எந்த இடத்திலும் வந்ததில்லை.

"இங்க யார் இருந்தாங்க?" என்று யாராவது திரும்பி வந்து கேட்பார்கள்.

"என் அக்கா."

"இவ்வளவு அழகான இடத்த விட்டுட்டு எதுக்குப் போனாங்க?"

"கடைக்குத் தூரம்," என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவர் எஞ்சினைக் கிளப்பிவிடுவார்.

அந்த வீட்டின் கிழக்குச் சுவரில் இரண்டு பெரிய இரும்பு ஆணிகள் இன்றும் இருக்கின்றன. வந்தவர்கள் அதில் கையை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எதற்கு அடித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் தொலைபேசி வராத காலத்தில், தீவுக்காரர்கள் படகு வேண்டுமென்றால் கரையைப் பார்த்த சுவரில் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிடுவார்கள். ஒன்று தொங்கினால் வா. இரண்டு தொங்கினால் உயிர் போகிற அவசரம், ஓடி வா. அதனாலேயே துவைத்த துணியை யாரும் அந்தப் பக்கம் காயப்போட மாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால், மேற்கே, கரைக்குத் தெரியாத இடத்தில்தான் கொடி.

இனி சொல்வது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதத்துக் கதை. அப்போது ஃபின்லேவுக்கு இருபத்தாறு. அந்த வயசுக்காரனை அவர் இவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா டோலினா அவனைவிட மூன்று வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இவனுக்குத் தலை சீவிவிட்டதிலிருந்து எழுத்துக் கூட்டப் பழக்கியது வரை அவள்தான். முர்டோ என்ற ஆட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு ஸ்காரவேக்குப் போனாள். ஒரு பெண் குழந்தை, இஷ்பெல். அந்தக் கோடையில் தீவில் காலியாகக் கிடந்த இன்னொரு வீட்டை எடின்பரோவிலிருந்து வந்த ஒரு படம் வரைகிறவருக்கும் அவர் மனைவிக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஃபின்லேவுக்கு அது பிடிக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் ஓய்வுநாளென்றும் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை கரையில் உட்கார்ந்து படம் வரைகிறார்கள் என்று அவனுக்குக் கடுப்பு.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஜூலை கடைசியில் ஒரு புதன்கிழமை சுவரில் வெள்ளை தெரிந்தது. ஃபின்லே வைக்கோல் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மூச்சிரைக்கத் துடுப்புப் போட்டுப் போனான். போய்ப் பார்த்தால், ஓவியர் மனைவி வெயில் நன்றாக விழுகிறதே என்று படுக்கை விரிப்பை டோலினா வீட்டுக் கிழக்குச் சுவரில் காயப்போட்டிருக்கிறாள். ஊர் ஒரு வாரம் சிரித்தது.

"என்ன ஃபின்லே, படுக்கைய விரிச்சுக் குடுத்துட்டு வந்தியா, இல்ல மடிச்சு மட்டும் வச்சுட்டு வந்தியா?" என்று பக்கத்து வீட்டு ஆலிக் தபால் நிலைய வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படிக் கேட்டான். ஆலிக்குக்கு வாய் நீளம். ஃபின்லேவுக்கு ரோஷம் நீளம்.

அந்த ஆகஸ்டில் முர்டோவின் படகு பலகை இற்றுப்போய் ஃபின்லேயின் கொட்டகையில் கிடந்தது. ஒரு பலகை மாற்றித் தார் பூசிக் கொடுக்க வேண்டும், இரண்டு நாள் வேலை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். சோம்பல் இல்லை. அவன் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தான்.

எங்கள் சபையில் ஆர்கன் கிடையாது, எந்த வாத்தியமும் கிடையாது. பைபிளிலுள்ள சங்கீதப் பாட்டின் ஒவ்வொரு வரியையும் ஒருவர் எழுந்து தனியாக எடுத்துக் கொடுப்பார், சபை மொத்தமும் அதைப் பிடித்து இழுத்துப் பாடும். வரி கொடுக்கிறவரின் குரல் கெட்டால் அன்றைய ஆராதனையே கெட்டது. பழையவருக்குத் தொண்டை போய்விட்டது. அந்த ஆகஸ்ட் மாதம் மூன்றாவது ஞாயிறு ஃபின்லே முதல்முறையாக வரி கொடுக்க வேண்டும் என்று சபைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மூன்று வாரம் ஆடுகளுக்கும் பாறைகளுக்கும் பாடிக் காட்டியிருந்தான்.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடல்மேல் பனி படர்ந்திருந்தது உண்மை. பதினொன்றரைக்கெல்லாம் அது விலகி, தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. ஆராதனை பன்னிரண்டுக்கு. எல்லாரும் சாலைப் பக்க வாசல் வழியாக உள்ளே போய்விட்டார்கள். ஃபின்லே மட்டும் தொண்டையைச் சரிபண்ணிக்கொள்ளத் தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் போனான். வாயில் ஒரு பெப்பர்மின்ட். நிமிர்ந்தபோது ஸ்காரவேயின் கிழக்குச் சுவரில் வெள்ளை தெரிந்தது.

ஒரு விரிப்பு.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கொடியிலும் ஒரு கைக்குட்டைகூடத் தொங்காது. டோலினா துணி காயப்போட்டிருக்க மாட்டாள். அப்படியானால் அது அழைப்பு. இது அவனுக்குப் பார்த்த கணமே தெரிந்தது. அதை அவன் தனக்குத்தானே மறைத்துக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பெப்பர்மின்ட் கரைகிற நேரம்கூட இல்லை. அந்த ஓவியர் பெண்டாட்டிதான். இன்றைக்கு என்ன கிழமை என்று அவளுக்கு என்ன தெரியும்? போய் இன்னொரு தரம் அசடு வழிவதா? அதுவும் இன்றைக்கா?

ஓய்வுநாளைக் காரணம் சொல்லவும் வழியில்லை. உயிர் விஷயமென்றால் ஞாயிற்றுக்கிழமையும் படகைத் தள்ளலாம், அது பாவமில்லை என்று போதகரே பலமுறை சொல்லியிருக்கிறார். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு பேர் கூடவே எழுந்து வந்திருப்பார்கள். ஆனால் வரியை வேறு யாரோ கொடுத்திருப்பார்கள்.

சுவரோரம் நின்று நன்றாகப் பார்த்தான். பிறகு திரும்பி உள்ளே போனான்.

அன்றைக்கு அவன் பாடியதை இன்றும் பேசுவார்கள். புழுக்கத்துக்கு ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆலிக்கே வாயை மூடிக்கொண்டு கேட்டான்.

இரண்டு மணிக்கு மேல் வெளியே வந்தபோது தென்மேற்குக் காற்று கிளம்பியிருந்தது. தாயின் கல்லறையைப் பார்க்கப் பின்பக்கம் போன ஆலிக் அங்கிருந்தே கத்தினான்.

"டேய், ஸ்காரவேல ரெண்டு தொங்குதுடா! ரெண்டு!"

ஓடினார்கள். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாலு பேர் படகைத் தள்ளினார்கள். ஃபின்லே துடுப்புப் போட்டதில் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நடுக்கடலில் அலை படகுக்குள் புகுந்தது. இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பினார்கள். அக்காமேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று கரையில் நின்ற பெண்கள் சொன்னார்கள். அதையும் அவன் காதால் கேட்டான்.

திங்கட்கிழமை விடிந்ததும்தான் தீவில் கரையேற முடிந்தது. முர்டோவுக்குக் குடல்வால் வெடித்திருந்தது. ஓவியரும் மனைவியும் சனிக்கிழமையே மேற்குக் கரைக்கு வந்த ஒரு மீன்பிடிப் படகில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். தீவில் டோலினாவும் கைக்குழந்தையும் வலியில் துடிக்கிற புருஷனும் மட்டும். ஸ்டோர்னவே ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதியிலேயே வண்டியில் முர்டோவின் உயிர் போனது. நேற்று மத்தியானம் கொண்டுவந்திருந்தால் ஆளை உயிரோடு கையில் கொடுத்திருப்பேன் என்றார் மருத்துவர்.

ஆஸ்பத்திரி வாசலில் டோலினா தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஃபின்லே, விரிப்பு தெரியலையாடா?"

"பனி, அக்கா," என்றான் அவன். "ஒரே பனி. ஒண்ணுமே தெரியல."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

காலையில் பனி இருந்ததை ஊரே பார்த்ததால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

டோலினா தீவைக் காலி செய்துவிட்டு வந்து தம்பிக்குப் பக்கத்து வீட்டில் குடியேறினாள். இஷ்பெல்லை வளர்த்துப் படிக்க வைத்து டீச்சராக்கினாள். ஃபின்லே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அக்கா வீட்டில் உருளைக்கிழங்கும் உப்பு மீனும். குளிர்காலத்துக்கு அவள் பின்னிய காலுறை. ஒரு சண்டை இல்லை, ஒரு சுடுசொல் இல்லை. ஒன்றே ஒன்றுதான். தேவாலயத்தில் ஃபின்லே வரி கொடுக்கும்போது, மூன்றாவது பெஞ்சில் அவள் உதடு அசையும், சத்தம் வராது. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஐம்பது வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாத வாரம் கிடையாது. இஷ்பெல் படித்து முடிக்கட்டும் என்று தள்ளினார். அவள் கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளினார். அப்புறம், இத்தனை வருஷம் கழித்து எதற்குக் கிளறுவது என்று தள்ளினார். முர்டோவின் படகுப் பலகையைத் தள்ளிய மாதிரியேதான். அந்தப் படகு இன்னும் அவர் கொட்டகையில் கிடக்கிறது.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் டோலினாவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், அப்புறம் கிழமையை மறந்தாள், அப்புறம் சில நாள் மகளையே யாரென்று கேட்டாள். எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் விடவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும், ஸ்காரவேக்குப் போக வேண்டும்.

"ஒரு தடவ கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன், மாமா," என்று இஷ்பெல் இரண்டு வருஷமாகக் கேட்டாள். "ஊர்ல இல்லாத ஆளையெல்லாம் ஏத்திட்டுப் போறீங்க. சொந்த அக்காவக் கூட்டிட்டுப் போக முடியலையா?"

"காத்து சரியில்லம்மா," என்பார். ஊர்ல இல்லாத ஆட்களுக்கு மட்டும் எப்படிக் காற்று சரியாக இருக்கிறது என்று இஷ்பெல் முனகிக்கொண்டே போவாள்.

போன ஆகஸ்டில் இஷ்பெல்லாலும் முடியாமல் போய்விட்டது. ஸ்டோர்னவேயில் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுபோய் விடப் போகிறேன் என்று வந்து சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். ஃபின்லே கணக்குப் போட்டுப் பார்த்தார். இனி அக்கா இந்தப் பக்கம் திரும்பப் போவதில்லை. நினைவு தெளிந்து இருக்கிற ஒன்றிரண்டு மணி நேரமும் இனி எத்தனை நாளைக்கோ. சொல்ல வேண்டியதைச் சொல்ல இதுதான் கடைசி.

வெள்ளியும் சனியும் புயல் மாதிரி காற்று. ஞாயிறு விடிந்தபோது கடல் தட்டையாகக் கிடந்தது.

ஃபின்லே பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். ஆராதனைக்குப் போடும் கறுப்புக் கோட்டு இல்லை, காலில் ரப்பர் பூட்ஸ்.

"மாமா, இன்னிக்கு ஞாயித்துக்கெழம," என்றாள் இஷ்பெல்.

"தெரியும்மா. அக்காவுக்கு மிதவைச் சட்டைய மாட்டு."

இஷ்பெல் அவர் முகத்தைப் பார்த்தாள். "நான் சர்ச்சுக்குப் போறேன். நம்ம குடும்பத்துல ஒருத்தராவது பெஞ்சுல இருக்கணும். இல்லன்னா ஆலிக் மாமாவுக்கு வருஷம் பூரா இதே பேச்சு," என்றாள்.

பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆலிக் வாசலிலேயே நின்றிருந்தார். வயசு எழுபத்தெட்டு ஆகியும் வாய் குறையவில்லை.

"என்ன ஃபின்லே, மறதி அக்காவுக்குன்னுல்ல நெனச்சேன்? உனக்கும் கெழம மறந்து போச்சா? அங்க யாருடா வரி குடுக்கறது?"

"நீ குடு."

"நானா? என் தொண்டையக் கேட்டா செத்தவன்லாம் எந்திரிச்சு ஓடுவான்."

"ஓடட்டும்," என்று சொல்லிவிட்டு ஃபின்லே அக்காவின் கையைப் பிடித்துக் கல்துறைக்கு நடந்தார். ஐம்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் வரி கொடுக்காத ஞாயிறு. சாலையில் போன ஒவ்வொரு காரும் மெதுவாகிப் பார்த்துவிட்டுப் போனது.

நேரே கிழக்குத் துறைக்குப் போயிருக்கலாம். பத்து நிமிஷம். ஃபின்லேவுக்குத் தைரியம் வரவில்லை. சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப் போகிற மாதிரியே சுற்றிப் போனார். கடல்நாய்ப் பாறை வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு.

பாறையில் பதினைந்து கடல்நாய்கள். டோலினா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவற்றைப் பார்த்துத் தலையாட்டினாள். "கொழுத்துப் போச்சுங்க. நம்ம போதகர் மாதிரியே இருக்கு பாரு, அந்த ஓரத்துல இருக்கறது," என்றாள். அக்கா பழைய அக்காவாகவே பேசியதில் ஃபின்லேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எப்படிச் சொல்வது? சரி, கல் வளைவுக்கு அடியில் சொல்லலாம்.

வளைவுக்கு அடியில் எஞ்சினை அணைத்தார். மேலே பறவைகளின் கூச்சல். "அக்கா," என்று ஆரம்பித்தார்.

"இங்கதான் முர்டோ என்னக் கேட்டான்," என்றாள் டோலினா. "கட்டிக்கிறியான்னு. இந்தப் பறவைங்க போட்ட சத்தத்துல காதுல விழல. மூணு தடவ கேக்க வச்சேன். மொதல் தடவையே விழுந்துச்சு, வச்சுக்கோ. அவன்கிட்ட சொல்லிடாத."

"சொல்லல," என்றார் ஃபின்லே. எஞ்சினைக் கிளப்பினார்.

வெள்ளை மணல் கரையில் ஆகஸ்டின் கடைசிப் பூக்கள். அலையே இல்லை. டோலினா படகோரமாகக் கையை விட்டுத் தண்ணீரை அளைந்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. இத்தனை வருஷம் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டிய இடம், இவளுக்கு மட்டும் காட்டாமல் வைத்திருந்தேனே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுடைய தீவு இது. அவளைத்தான் அவர் ஐம்பது வருஷம் கரையிலேயே விட்டு வைத்திருந்தார். இங்கும் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிழக்குத் துறையில் படகைக் கட்டினார். முழங்கால் வலியை அன்றைக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அக்காவைத் தாங்கிப் பிடித்து மேலே ஏற்றினார். வீட்டின் முன்னால் வந்ததும் டோலினா அவர் கையை உதறினாள். நடை வேகமானது. நேராகக் கிழக்குச் சுவருக்குப் போய், வெள்ளைக் கம்பளிச் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, தேடாமலே இரண்டு ஆணியிலும் மாட்டி இழுத்துவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்றார் ஃபின்லே. "அன்னிக்கு, முர்டோவுக்கு முடியாமப் போன அன்னிக்கு..."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் தம்பியைத் தெரிந்த அடையாளம் இல்லை. வெளியூரிலிருந்து வந்த வயசாளியைப் பார்க்கிற மரியாதைதான் இருந்தது.

"சத்தம் போடாதீங்க ஐயா. உள்ள அவருக்கு முடியல. இப்பத்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தாரு," என்றாள். பிறகு கையை நெற்றியில் வைத்து அக்கரையைப் பார்த்தாள். ஃபின்லேயும் பார்த்தார்.

ஐம்பது வருஷமாக அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அவர் வந்து நின்றதே இல்லை. அங்கிருந்து தேவாலயத்தின் பின்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. கல்லறைகள் ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இப்படித் தெரியும் என்று அவர் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

"அதோ பாருங்க," என்றாள் டோலினா. கல்லறைத் தோட்டத்துச் சுவரைக் காட்டினாள். அங்கே யாரும் இல்லை. "சுவரோரம் ஒத்தை ஆளா நிக்கறானே, கறுப்புக் கோட்டு, அவன்தான் என் தம்பி. கைய ஆட்டினேன். இந்தப் பக்கம்தான் பாக்கறான். பாத்துட்டான்."

அக்கரையில் பன்னிரண்டு மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில், காற்றே இல்லாத தண்ணீரைத் தாண்டிப் பாட்டு வந்தது. ஆலிக்கின் கரகரத்த குரல் ஒரு வரியை எடுத்துக் கொடுத்தது, சபை அதைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு இழுப்பும் கேட்டது.

ஃபின்லே சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அன்றைக்கும் கேட்டிருக்கிறது. திறந்து வைத்த ஜன்னல்கள் வழியாக, அவர் ஆயுளிலேயே நன்றாகப் பாடிய பாட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இங்கே கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் பனி என்று சொன்னபோது, அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் 'சரி' என்றாள். தெரிந்துதான் காலுறை பின்னினாள், மீன் வேக வைத்தாள், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். இவர் வாய் திறப்பதற்காக ஐம்பது வருஷம் காத்திருந்தாள். இவர் திறக்க வந்தபோது அவள் இல்லை.

"பாடறான் பாருங்க," என்றாள் டோலினா. முகம் மலர்ந்திருந்தது. "என் தம்பிதான். இன்னிக்குத்தான் மொதல் தடவ வரி குடுக்கறான். மூணு வாரமாப் பழகினான்."

"அவன் வரல, அக்கா," என்றார் ஃபின்லே. கண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "பனியெல்லாம் இல்ல. விரிப்ப நல்லாப் பாத்தான். பாத்துட்டுத்தான் உள்ள போனான். பாடணும்னு போனான். வரல."

டோலினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எண்பதை நெருங்கிய அந்த உடம்பை நிமிர்த்திக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. அவனத் தெரியாமப் பேசாதீங்க. நான் தூக்கி வளத்த புள்ள. இந்தப் பாட்டு முடியட்டும், வந்துடுவான். அவருகிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன். தம்பி பாத்துட்டான், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு."

ஃபின்லே தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும், முடிந்த பிறகும், இரண்டு பேரும் சுவரோரம் நின்று அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.